முன்கையில் ஒரு கொப்புளம்: மருத்துவமனைகளின் ‘டெஸ்ட் டோஸ்’ வழக்கம் பற்றிய மறுபரிசீலனை

நம் மருத்துவமனை வார்டுகளில் காலை ஊசி நேரத்தில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. கேஸ் ஷீட்டில் ‘செஃப்ட்ரையாக்ஸோன் 1 கிராம், ஏ.டி.டி.’ என்று எழுதியிருக்கும். ஏ.டி.டி. என்றால் ‘ஆஃப்டர் டெஸ்ட் டோஸ்’: சோதித்துவிட்டுக் கொடு. செவிலியர் மருந்துப் பொடியைக் கரைத்து, அதில் சிறிது எடுத்து மேலும் நீர்க்கவைத்து, இன்சுலின் சிரிஞ்சில் 0.1 மில்லி அளவுக்கு முன்கைத் தோலுக்குள் ஏற்றுவார். வெளிறிய சிறு கொப்புளம் எழும். அதைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் நேரத்தைக் குறித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். இருபது நிமிடம் கழித்து வந்து, “அரிக்குதாம்மா?” என்பார். “இல்ல” என்று பதில் வந்தால் முழு ஊசியும் ஏறும். ‘டெஸ்ட் டோஸ் நெகட்டிவ்’ என்று ஷீட்டில் பதிவாகும்.

இந்த வழக்கத்தின் பின்னால் அக்கறை இருக்கிறது, அச்சமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கொப்புளம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்ல இயலாது என்று கேட்பவர்கள் குறைவு. முன்பு மருந்து ஒவ்வாமை கண்டிராத நோயாளிக்கு எல்லா ஊசிக்கும் முன்பாகச் செய்யப்படும் இந்தச் சோதனை அவரைக் காப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். காப்பவை இரண்டு: கவனமாகக் கேட்டு எழுதிய முன்வரலாறு, கைக்கெட்டும் தூரத்தில் அட்ரினலின். சோதனை முடிந்துவிட்டது என்ற நிம்மதி இவ்விரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

1. ஒரு சொல்லுக்குள் பல நோய்கள்

“அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது” என்று நோயாளி சொன்னால் அதற்குள் நெஞ்செரிச்சல் இருக்கலாம், தலைசுற்றல் இருக்கலாம், உடலெங்கும் தடிப்பு இருக்கலாம், நினைவிழந்து விழுந்ததும் இருக்கலாம். ‘ஒவ்வாமை’ என்ற கலைச்சொல்லும் ஒவ்வாதது என்ற இதே பொதுப்பொருளில் பிறந்ததுதான். ‘அலர்ஜி’யின் பிறப்பும் அப்படியே. சீரம் ஊசி போட்ட குழந்தைகளுக்குச் சில நாள் கழித்து வந்த காய்ச்சலையும் தடிப்பையும் ஆராய்ந்த வியன்னா மருத்துவர் கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, 1906-இல் அச்சொல்லை உருவாக்கினார். உடலின் எதிர்வினை மாறிவிட்ட நிலை என்பதே அவர் கருதிய பொருள். அதற்குச் சற்று முன்னர், 1902-இல், சார்ல் ரிஷேயும் பால் போர்ட்டியேவும் கடல் அனிமோனின் நஞ்சைத் தாங்கிய நாய்கள், சில வாரம் கழித்து மிகச் சிறிய அளவிலேயே சுருண்டு விழுவதைக் கண்டு அதற்கு ‘அனாஃபிலாக்ஸிஸ்’ என்று பெயரிட்டிருந்தனர். ரிஷேவுக்கு 1913-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

1963-இல் ஜெல், கூம்ஸ் இருவரும் மிகை உணர்திறன் எதிர்வினைகளை நான்காக வகுத்தனர். முதல் வகையில், ஐ.ஜி.ஈ. என்னும் எதிர்ப்புப் புரதம் மாஸ்ட் செல்களைத் தூண்ட, நிமிடங்களில் தடிப்பும் மூச்சுத்திணறலும் இரத்த அழுத்தச் சரிவும் வரும். இரண்டாம் வகையில் எதிர்ப்புப் புரதங்கள் இரத்த அணுக்களை அழிக்கும். மூன்றாம் வகை பிர்க்கே கண்ட சீரம் நோய். நான்காம் வகையில் டி-செல்கள் நாள்கணக்கில், வாரக்கணக்கில் வேலை செய்யும். தோல் உரியும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்த்தொகுதியும், மருந்து தொடங்கிய இரண்டு முதல் எட்டு வாரங்களில் காய்ச்சல், முகவீக்கம், ஈரல் பாதிப்பு என்று வரும் ‘டிரெஸ்’ நோயும் இவ்வகை.

இந்த நான்கிலும் அடங்காதவையும் உண்டு. வான்கோமைசினை வேகமாக ஏற்றினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிப்பெடுக்கும். மாஸ்ட் செல்லின் மேலுள்ள வேறொரு ஏற்பியை மருந்தே நேரடியாகத் தூண்டுவதால் வருவது இது, ஐ.ஜி.ஈ.க்கு இதில் வேலையில்லை. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மெதுவாக ஏற்றினால் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஆனாலும் ஷீட்டில் ஏறுவது ‘வான்கோமைசின் அலர்ஜி’ என்பதுதான்.

இருபதாவது நிமிடத்தில் படிக்கப்படும் கொப்புளம் இவற்றில் முதல் வகையைப் பற்றி மட்டுமே பேச முடியும். மூன்றாம் வாரத்தில் தோலை உரிக்கப்போகும் மருந்தைப் பற்றி அது வாயே திறக்காது.

2. முதல் வகையிலாவது நம்பலாமா?

முறையான தோல் சோதனை என்று ஒன்று உண்டு. பென்சிலின் மூலக்கூறு மிகச் சிறியது. அது சிதைந்து உடலின் புரதங்களோடு ஒட்டிய பிறகே எதிர்ப்பாற்றல் அதை அடையாளம் காண்கிறது. ஆகவே அந்தச் சிதைவுப் பொருள்களைக் கொண்டு தனியே தயாரித்த சோதனைக் கரைசல்கள் வேண்டும். தோலை வெறுமனே எரிச்சலூட்டாத செறிவு எது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒப்பீட்டுக்கு ஒரு பக்கம் ஹிஸ்டமின், மறுபக்கம் உப்புநீர் வைக்க வேண்டும். முதலில் மேலாகக் குத்திப் பார்த்து, பிறகே தோலுக்குள் ஏற்ற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பு எதிர்வினை வந்ததாகச் சொல்பவரிடமே இதைச் செய்ய வேண்டும்.

வார்டில் நடப்பதில் இவற்றுள் பெரும்பாலானவை இல்லை. நீர்க்கவைப்பது கண்ணளவு, ஒப்பீட்டு ஊசிகள் கிடையாது. முந்தைய இரவு சளிக்கோ அரிப்புக்கோ நோயாளி செட்ரிசின் சாப்பிட்டிருந்தால் உண்மையான ஒவ்வாமையும் தோலில் எழாமல் போகும். அதை யாரும் கேட்பதில்லை. மருந்தின் செறிவு கூடினால் ஒவ்வாமை இல்லாதவருக்கும் சிவக்கும்.

இதற்குள் ஒரு எண்கணக்கும் இருக்கிறது. விளக்கத்துக்காக மட்டும் சில எண்களை எடுத்துக்கொள்வோம். ஒரு மருந்துக்கு 10,000 பேரில் 2 பேருக்கு உண்மையான தீவிர ஒவ்வாமை என்று கொள்வோம். சோதனை அந்த இருவரையும் தவறாமல் பிடிக்கிறது, மற்றவர்களில் 100-க்கு 3 பேருக்கு மட்டும் வீணாகச் சிவக்கிறது என்றும் கொள்வோம். அப்படியானால் ஏறத்தாழ 302 பேர் ‘பாசிட்டிவ்’. அவர்களில் 300 பேருக்குத் தேவையான மருந்து காரணமின்றி மறுக்கப்படும். சோதனை இதைவிடத் துல்லியமாக இருந்தாலும் விகிதம் பெரிதாக மாறாது. அரிதான ஒன்றை எல்லோரிடமும் தேடினால் கிடைப்பவற்றில் பெரும்பகுதி போலியாகவே இருக்கும்.

செஃபலோஸ்போரின் ஊசிக்கு முன் தோல் சோதனை பரவலாக இருந்த சீனாவில், எல்லோருக்கும் அதைச் செய்ய வேண்டியதில்லை என்று அந்நாட்டுச் சுகாதார ஆணையம் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நாம் நகர வேண்டிய திசையும் அதுவே.

3. பாம்புக்கடி கற்றுத்தந்த பாடம்

இந்த வாதத்துக்கு மிகத் தெளிவான சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் எதிராகக் குதிரைகளிடமிருந்து எடுக்கப்படும் சீரமே இந்தியாவின் விஷமுறிவு ஊசி. அதற்கான நஞ்சில் பெரும்பங்கு சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. வேற்றுயிரின் புரதம் என்பதால் எதிர்வினைகள் மிகுதி. ‘முதலில் டெஸ்ட் டோஸ்’ என்ற வழக்கம் இங்கேயும் நெடுங்காலம் வேரூன்றியிருந்தது.

1986-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த தாய்லாந்து ஆய்வு, தோல் சோதனையின் முடிவுக்கும் பின்னர் வரும் எதிர்வினைக்கும் தொடர்பில்லை என்று காட்டியது. பெரும்பாலான உடனடி எதிர்வினைகள் ஐ.ஜி.ஈ. வழியே வருபவை அல்ல என்பதே காரணம். எனவே சோதனை தவறான கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. இந்தியாவின் பாம்புக்கடிச் சிகிச்சை நெறிமுறை, டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்றே சொல்கிறது.

சோதனை காக்காது என்றால் எது காக்கும்? அதற்கு இலங்கை பதில் தந்தது. 1,007 பேரைக் கொண்டு நடந்து 2011-இல் பிளாஸ் மெடிசின் இதழில் வெளியான ஆய்வில், விஷமுறிவு ஊசிக்கு முன்பாகத் தோலடியில் கொடுத்த சிறிதளவு அட்ரினலின் தீவிர எதிர்வினைகளை முதல் ஒரு மணி நேரத்தில் 43 விழுக்காடு குறைத்தது. ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும், அவில் போன்ற ஹிஸ்டமின் எதிர்ப்பு மருந்தான புரோமெத்தசினும் அப்பயனைத் தரவில்லை. நம் வார்டுகளில் ஊசிக்குப் பிறகு நோயாளி திணறினால் கை முதலில் போவது எங்கே என்று நினைத்துப் பார்க்க வேண்டும்: ஒரு ஆம்ப்யூல் அவில், ஒரு வயல் ஹைட்ரோகார்ட்டிசோன். அவில் அரிப்பைத் தணிக்கும். ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்காகும். மூச்சுக்குழலையும் இரத்த ஓட்டத்தையும் நிமிடங்களில் மீட்பது, வயது வந்தவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடும் 0.5 மில்லிகிராம் அட்ரினலின்தான். அதைத் தாமதிப்பதே உயிருக்கு ஆபத்து.

4. ஒவ்வாமையின் மேல் விழுந்த பழி

வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்களுக்கு மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சாதின் பென்சிலின் ஊசி போட வேண்டும். நோய் முற்றாமல் தடுப்பதற்கான முதன்மை வழி அதுவே. ஆனால் ஊசி போட்ட இடத்திலேயே ஒருவர் இறந்தார் என்ற செய்தி ஒரு ஊரில் பரவினால், பிறகு அங்கே அந்த ஊசியைப் போட யாரும் துணிவதில்லை.

1991-இல் லான்செட்டில் வெளியான பன்னாட்டு ஆய்வு 1,790 நோயாளிகளுக்குப் போட்ட 32,430 ஊசிகளைப் பின்தொடர்ந்தது. ஒவ்வாமை கண்டவர்கள் 57 பேர், அனாஃபிலாக்ஸிஸ் 4 பேருக்கு, இறந்தவர் ஒருவர். அனாஃபிலாக்ஸிஸின் விகிதம் 10,000 ஊசிக்கு ஒன்றைச் சற்றே தாண்டியது. 2022-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் அறிவுரை இன்னும் ஒரு படி சென்றது. ஊசிக்குப் பின் நேரும் இறப்புகளில் பல ஒவ்வாமையால் நேர்ந்தவை அல்ல, வால்வு கடுமையாகப் பழுதான இதயம் வலியையும் மயக்கத்தையும் தாங்காமல் நின்றதால் நேர்ந்திருக்கக்கூடியவை என்றது. நோய் முற்றியவர்களுக்கு மாத்திரையைப் பரிசீலிக்கவும், மற்றவர்களுக்கு வெறும் வயிற்றில் போடாமல், தண்ணீர் குடிக்கவைத்து, படுக்கவைத்துப் போடவும் பரிந்துரைத்தது.

இவ்விறப்புகளை எந்த டெஸ்ட் டோஸும் தடுத்திருக்காது. படியேறினால் மூச்சு வாங்குகிறதா, காலையில் சாப்பிட்டாரா என்ற இரண்டு கேள்விகள் தடுத்திருக்கலாம்.

5. முத்திரையின் விலை

பிழையான ‘பாசிட்டிவ்’ அன்றோடு முடிவதில்லை. கேஸ் ஷீட்டின் தலைப்பில் சிவப்பு மையில் ஏறும் ‘அலர்ஜி’ வாழ்நாள் முழுக்க நோயாளியோடு நடக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குப் பென்சிலின் ஒவ்வாமை என்ற முத்திரை இருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் பென்சிலினைத் தாங்கிக்கொள்கிறார்கள். உண்மையாகவே ஐ.ஜி.ஈ. ஒவ்வாமை இருந்தவர்களிலும் பத்தாண்டுகளில் ஐந்தில் நால்வருக்கு அது மங்கிவிடுகிறது. முத்திரை உள்ளவருக்கு விலை கூடிய, பரந்த வீச்சுள்ள மாற்று மருந்துகள் போகின்றன. 2018-இல் பி.எம்.ஜே.யில் வந்த பிரிட்டன் ஆய்வு, இத்தகையோருக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி தொற்றும் வாய்ப்பு 69 விழுக்காடும் சி. டிஃபிசில் குடல்தொற்று 26 விழுக்காடும் மிகுதி என்று கண்டது. மருந்துக்கு அடங்காத கிருமிகளோடு போராடும் நாடு இந்த விலையைக் கணக்கில் சேர்க்காமல் இருக்க முடியாது.

முத்திரையை அகற்ற உதவும் கருவி எளிமையானது. 2020-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வகுத்த ‘பென்-ஃபாஸ்ட்’ மதிப்பீட்டில் ஊசியே இல்லை, கேள்விகள்தான். எதிர்வினை நடந்து ஐந்தாண்டு ஆகிவிட்டதா? மூச்சுத்திணறல், முகவீக்கம், தோல் உரிதல் இருந்ததா? சிகிச்சை தேவைப்பட்டதா? மதிப்பெண் குறைவாக உள்ளவர்களில் உண்மையான ஒவ்வாமை 100-க்கு ஐந்துக்கும் குறைவு.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: ஆயிரத்தில் ஒருவரைப் பிடித்தாலும் நல்லதுதானே? சோதனைக்கு விலை இல்லையென்றால் இது சரி. வீண் பாசிட்டிவும் வீண் நிம்மதியுமே அந்த விலை. மேலும், உச்ச ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த 0.1 மில்லியே அனாஃபிலாக்ஸிஸைத் தூண்டிவிடக்கூடும். அட்ரினலின் ட்ரே பக்கத்தில் இல்லாமல் செய்யும் சோதனை பாதுகாப்புச் செயல் ஆகாது.

இரண்டாவது எதிர்வாதம் வெளிப்படையாகச் சொல்லப்படுவதில்லை: நாளை வழக்கு வந்தால் ‘டெஸ்ட் டோஸ் போட்டோம்’ என்ற வரி காப்பாற்றும். இந்த அச்சம் நியாயமானது. தனி மருத்துவரைக் குறைசொல்லி இதைத் தீர்க்க முடியாது. மருத்துவமனையும் துறைச் சங்கங்களும் எழுத்துமூலம் நெறிமுறை வகுத்தால்தான் அந்த வரிக்குப் பதிலாக வேறு வரிகள் பாதுகாப்பாகும்.

முன்சோதனை என்பதே வீண் என்று இதைப் படிக்கக் கூடாது. எச்.ஐ.வி. மருந்தான அபாகாவிருக்கு முன் எச்.எல்.ஏ.-பி*57:01 மரபணுவைச் சோதித்த 2008-ஆம் ஆண்டு ஆய்வில், உறுதிசெய்யப்பட்ட மிகை உணர்திறன் 2.7 விழுக்காட்டிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கியது. கார்பமசெப்பினால் வரும் ஸ்டீவன்ஸ்-ஜான்சனுக்கு எச்.எல்.ஏ.-பி*15:02 தொடர்பை 2004-இல் தைவான் ஆய்வாளர்கள் கண்டனர். ஒரு மருந்து, ஒரு வினை, அதற்கு நிறுவப்பட்ட காரணம் என்று இச்சோதனைகளுக்குத் தங்கள் கேள்வி எது என்பது தெரியும். எந்த மருந்துக்கும், எவருக்கும், எதற்காக என்று கேளாமல் போடும் கொப்புளத்துக்கு அது தெரியாது.

7. முடிவுரை

முன்வரலாறு இல்லாதவருக்கு ஏ.டி.டி.யை விடுத்து, முதல் ஊசிக்குப் பின் அரை மணி நேரம் கண்காணிப்பதும், அட்ரினலினை ஊசி வண்டியிலேயே வைப்பதும், அதன் அளவைச் செவிலியர்க்கு மனப்பாடமாக்குவதும் புதிய செலவு கோராதவை. எதிர்வினை நேர்ந்தால் 2010-இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிவிக்கும் படிவம் இருக்கிறது. ஆனால் எழுதிய அறிவிப்பு நோயாளியின் கைக்கும் வர வேண்டும்.

அதற்கு நான்கு விவரம் போதும்: எந்த மருந்து, எத்தனையாவது நாள், என்ன நடந்தது, அதன் பின் அதே வகை மருந்தைத் தாங்கினாரா. டிஸ்சார்ஜ் சீட்டில் ‘பென்சிலின் அலர்ஜி’ என்பதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “2015, பல்வலிக்கு அமாக்ஸிசிலின் மாத்திரை. நான்காம் நாள் முதுகிலும் கையிலும் சிவப்புத் தடிப்பு. மூச்சுத்திணறல், முகவீக்கம், வாய்ப்புண் இல்லை. மருந்தை நிறுத்தியதும் தானே மறைந்தது. பின்னர் செஃபிக்ஸிம் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை.” நள்ளிரவில் வேறொரு ஊரில், நோயாளி பேச முடியாத நிலையில் இருந்தாலும், இதைப் படிக்கும் பயிற்சி மருத்துவருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியும்.