போட்டி ரோபோவின் கணினிவழி வடிவமைப்பு

பள்ளி மாணவர் அணிகள் ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக்காகக் கட்டவிருக்கும் ரோபோவின் ஒவ்வொரு பாகத்தையும், அப்பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தி இயங்கும் முறையையும், உலோகத்தில் கைவைப்பதற்கு முன்பே முப்பரிமாண மாதிரியாகக் கணினியில் உருவாக்கிச் சரிபார்க்கும் பணி, போட்டி ரோபோவின் கணினிவழி வடிவமைப்பு எனப்படும். சுருக்கமாக இதனைக் 'கேட்' என்பர். இப்பணி மிக விரிவாக வளர்ந்திருக்கும் களங்களுள் முதன்மையானது அமெரிக்காவில் தோன்றிய ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி ஆகும்.

புத்தாக்குநர் டீன் கேமன் 1989-இல் நிறுவிய ஃபர்ஸ்ட் அமைப்பு, 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஓர் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில், 28 அணிகளைக் கொண்டு முதல் போட்டியை நடத்தியது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ் நடத்திவந்த ஒரு பாடத்தில், மாணவர்களுக்கு ஒரு பெட்டி நிறையப் பாகங்களைக் கொடுத்து, அவற்றால் இயந்திரம் செய்து மோதவிடும் வழக்கம் இருந்தது. அதுவே போட்டிக்கு முன்மாதிரியாக அமைந்தது. ஒவ்வோர் ஆண்டும் சனவரித் தொடக்கத்தில் புதிய விளையாட்டும் அதன் விதிகளும் அறிவிக்கப்படுகின்றன. 2019 வரை ஏறத்தாழ ஆறு வாரங்களில் ரோபோவை முடித்துக் கட்டுமானத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற விதி இருந்தது; 2020 முதல் அது நீக்கப்பட்டது. எனினும் வட்டாரப் போட்டிகள் சில வாரங்களிலேயே தொடங்கிவிடுவதால், தவறாக வெட்டப்பட்ட ஒரு தகட்டை மீண்டும் செய்வதற்குச் செலவாகும் நாள்கள் இன்றும் பெரும் இழப்பே. கணினி மாதிரியின் மதிப்பு இங்கிருந்தே பிறக்கிறது: திரையில் ஒரு தவற்றைத் திருத்த நிமிடங்கள் போதும், பட்டறையில் அதே தவறு வாரத்தை விழுங்கும்.

மென்பொருள்கள்

கணினித் திரையில் வரைந்து வடிவமைக்கும் எண்ணத்துக்கு முன்னோடியாகக் கருதப்படுவது, ஐவன் சதர்லண்ட் 1963-இல் தம் ஆய்வேட்டுக்காக உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்னும் நிரல். கோடுகளுக்கிடையே 'இணையாக இரு', 'சமநீளமாக இரு' என்பன போன்ற நிபந்தனைகளை விதித்துவிட்டால், ஒன்றை மாற்றும்போது மற்றவை தாமே இணங்கிக்கொள்ளும் என்ற கருத்து அதிலேயே இருந்தது. 1980-களின் இறுதியில் வந்த புரோ-எஞ்சினியர், முப்பரிமாண வடிவங்களுக்கு இக்கருத்தை விரித்து, அளவுருசார் வடிவமைப்பைத் தொழிற்சாலைகளில் நிலைநிறுத்தியது. அளவுருசார் வடிவமைப்பு என்பது, ஒரு பாகத்தை அளவுகளும் அவற்றுக்கிடையிலான உறவுகளும் சேர்ந்த தொகுதியாகச் சேமித்துவைத்து, ஓர் அளவை மாற்றியவுடன் வடிவம் முழுவதையும் புதிதாகக் கணிக்கும் முறை. 1995-இல் வெளியான சாலிட்வொர்க்ஸ் இம்முறையைச் சாதாரண விண்டோஸ் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. அதன் நிறுவனர் ஜான் ஹிர்ஷ்டிக் பின்னர்த் தோழர்களுடன் தொடங்கி 2015-இல் வெளியிட்ட ஆன்ஷேப், நிறுவத் தேவையின்றி இணைய உலாவியிலேயே இயங்குகிறது. மாணவர் அணிகளுக்கு இந்தக் கடைசி மாற்றமே மிகப் பெரிது. விலையுயர்ந்த கணினி இல்லாத மாணவரும் வீட்டிலிருந்தே வடிவமைக்கலாம், ஒரே மாதிரியில் பலர் ஒரே வேளையில் பணிபுரியலாம், எந்தக் கோப்பு புதியது என்ற குழப்பமும் எழுவதில்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் இன்வென்டர், ஃபியூஷன் ஆகியவையும் அணிகளிடையே பரவலாகப் பயன்படுகின்றன.

தலைமை வரைவு

தேர்ந்த அணிகள் பாகங்களிலிருந்து தொடங்குவதில்லை. இருபரிமாணக் கோட்டு வரைவு ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன. ரோபோவைப் பக்கவாட்டிலிருந்து பார்ப்பதுபோல், தரை, சக்கரங்கள், சட்டத்தின் எல்லை, கையின் சுழல்மையம், பொருளை எடுக்கும் இடம், விடும் இடம் ஆகியவற்றை மட்டும் கோடுகளாலும் வட்டங்களாலும் குறிக்கும் இதனைத் தலைமை வரைவு என்று குறிப்பிடலாம். பின்னர் வடிவமைக்கப்படும் எல்லாப் பாகங்களும் தம் அளவுகளை இவ்வரைவிலிருந்தே பெறுவதால், சுழல்மையத்தை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினால் அதைத் தாங்கும் தகடுகளும் சங்கிலியின் நீளமும் உடன் மாறிவிடுகின்றன.

2024-ஆம் ஆண்டின் 'கிரெசெண்டோ' விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 14 அங்குல வெளிவிட்டமும் 2 அங்குலத் தடிப்பும் கொண்ட நுரைப்பஞ்சு வளையங்களைத் தரையிலிருந்து எடுத்து, ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்தில் அமைந்த ஒரு திறப்புக்குள் எறிய வேண்டும். களத்தின் நடுப்பகுதிகளில் இருந்த மேடை அமைப்பின் அடியில் சுமார் 70 சென்டிமீட்டருக்கும் தாழ்ந்த ரோபோக்களே நுழைந்து செல்ல முடியும். ஆட்டத்தின் முடிவில் அதே மேடையின் சங்கிலியில் தொங்கவும் வேண்டும். தாழ்வாக இருத்தல் வேகமான வழியைத் திறக்கிறது, ஆனால் சங்கிலியை எட்டுவதைக் கடினமாக்குகிறது. இவ்விரண்டையும் ஒரே ரோபோவில் அடக்க முடியுமா என்ற வினாவுக்கு விடையளிக்க மோட்டார்களோ திருகுகளோ தேவையில்லை. பத்துப் பன்னிரண்டு கோடுகள் கொண்ட ஒரு வரைவு போதும். அந்த வினாவைத் தீர்க்காமலேயே தகடுகளின் ஓரங்களை வளைத்து அழகுபடுத்தத் தொடங்கும் அணிகள் பல உண்டு. அவர்களுடைய மாதிரிகள் பார்வைக்கு நிறைவாக இருந்தும், ரோபோ செய்ய வேண்டிய வேலையைச் செய்வதில்லை. வடிவமைப்புப் பணியின் பெரும்பகுதி அறிவு இவ்வரைவிலேயே அடங்கியுள்ளது என்பது மிகையன்று.

கணக்குகள்

வரைவு நிலைபெற்றபின், எண்கள் அதனுள் நுழைகின்றன. நிமிடத்துக்கு 5,676 சுற்றுகள் தடையின்றிச் சுழலும் நியோ மோட்டாரை 6.75-க்கு 1 என்ற பற்சக்கர விகிதத்தில் 4 அங்குலச் சக்கரத்துடன் இணைத்தால், ரோபோவின் கோட்பாட்டு வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4.5 மீட்டர் ஆகும். உராய்வாலும் சுமையாலும் உண்மை வேகம் இதனினும் குறையும். ஒரு மீட்டர் நீளக் கையின் நுனியில் 4 கிலோ எடை இருந்தால், கை கிடையாக நிற்கும்போது சுழல்மையத்தில் சுமார் 39 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை விழுகிறது. பல்லாண்டுகளாக அணிகள் பயன்படுத்திய சிம் மோட்டார், சுழலாமல் திணறும் நிலையில்கூட 2.4 நியூட்டன்-மீட்டரே தருவது. அந்நிலையில் நீடித்தால் அது எரிந்துபோகும். எனவே அதன் கால்பங்கு விசையை மட்டும் நம்பி, 65-க்கு 1 அல்லது அதற்கும் மேற்பட்ட விகிதத்தில் வேகத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. அத்தனை பற்சக்கரங்களும் எங்கே அமரும் என்பது உடனே எழும் அடுத்த வினா.

பற்சக்கரங்களின் இடைவெளி மாதிரியின் துல்லியத்தைச் சோதிக்கும் இடம். இப்போட்டியில் வழக்கமான பற்சக்கரங்களின் பல்லளவு, விட்டத்தின் ஓர் அங்குலத்துக்கு 20 பற்கள் என்பதாகும். இவ்வகையில் இரு சக்கரங்களின் பற்களைக் கூட்டி 40-ஆல் வகுத்தால், அவற்றின் மையங்களுக்கு இடையே இருக்க வேண்டிய தூரம் அங்குலத்தில் கிடைக்கும். 14 பற்களும் 60 பற்களும் கொண்ட இணைக்கு அது 1.85 அங்குலம், அதாவது 47 மில்லிமீட்டர். இத்தூரம் சற்றே குறைந்தால் பற்கள் இறுகித் தேய்கின்றன. மிகுந்தால் சுமையில் நழுவி உடைகின்றன. கையால் அளந்து துளையிடும் முறையில் இத்துல்லியம் அரிது. கணினி மாதிரியிலிருந்தே வெட்டும் இயந்திரத்துக்குக் கோப்பு செல்லும்போது இயல்பாகக் கிடைக்கிறது.

எடையும் இவ்வாறே முன்கூட்டி அறியப்பட வேண்டியது. 2024-ஆம் ஆண்டு விதிப்படி, மின்கலமும் சுற்றுப்புற மெத்தைத் தடுப்புகளும் நீங்கலாக ரோபோ 125 பவுண்டை, அதாவது சுமார் 57 கிலோவை, மிஞ்சக் கூடாது. சட்டத்தின் சுற்றளவும் 120 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் அதன் உண்மையான பொருளைக் குறித்துவிட்டால், மென்பொருளே மொத்த எடையையும் ஈர்ப்பு மையத்தையும் கணித்துத் தரும். அணிகள் பெரிதும் நம்பும் 2-க்கு 1 அங்குல அலுமினியச் செவ்வகக் குழாய், எட்டில் ஓர் அங்குலச் சுவர்த் தடிப்பில் மீட்டருக்கு ஏறத்தாழ 1.2 கிலோ எடையுள்ளது. சுவரைப் பாதியாகக் குறைத்தால் 630 கிராமே. எந்தக் குழாய்கள் மோதலைத் தாங்க வேண்டியவை, எவை வெறும் தாங்கிகள் என்று மாதிரியில் பிரித்தறிவதால் பல கிலோ மிச்சமாகும். ஈர்ப்பு மையத்தை, கை முழுதும் மேலே நீண்ட நிலையிலும் பார்ப்பது இன்றியமையாதது. தாழ்ந்த நிலையில் உறுதியாக நிற்கும் ரோபோ, கையை உயர்த்தியபடி திடீரென நிற்கும்போது கவிழ்வது களத்தில் அடிக்கடி காணப்படும் காட்சி. சுமார் 6 கிலோ எடையுள்ள 12 வோல்ட் மின்கலம் சட்டத்தின் அடியில் வைக்கப்படுவதும் இதனாலேயே.

மாதிரியும் பட்டறையும்

மாதிரி காட்டாதவை சில உண்டு. கம்பிகள் திரையில் இடம் பிடிப்பதில்லை, ஆனால் ரோபோவில் பிடிக்கின்றன. திருகின் தலை மாதிரியில் அழகாக அமர்ந்திருக்கும். அதை முறுக்கும் கருவி உள்ளே நுழைய வழியிராது. நுரைப்பஞ்சு வளையத்தை இழுத்துக்கொள்ளும் உருளைகளுக்கு இடையே எவ்வளவு நெருக்கம் வேண்டும் என்பதை எந்த மென்பொருளும் துல்லியமாகச் சொல்வதில்லை. மரப்பலகையில் உருளைகளைப் பொருத்தி, இடைவெளியை மாற்றி மாற்றிச் சோதித்தே அந்த எண் கண்டறியப்படுகிறது. அவ்வாறு கிடைத்த எண் பின்னர் தலைமை வரைவுக்குத் திரும்புகிறது. பட்டறைக்கும் திரைக்கும் இடையிலான இப்போக்குவரத்து நின்றுவிட்ட அணிகளில், பருவத்தின் நடுவிலேயே மாதிரி ஒன்றாகவும் ரோபோ வேறாகவும் ஆகிவிடுகின்றன. அதன்பின் உடைந்த பாகத்துக்கு மாற்றுப்பாகம் செய்ய மாதிரி உதவுவதில்லை.

வடிவமைப்பு முடிந்ததும் தகடுகளின் வடிவம் இருபரிமாணக் கோப்பாக சி.என்.சி. இயந்திரத்துக்கோ லேசர் வெட்டிக்கோ செல்கிறது. முப்பரிமாண அச்சுக்குரியவை தனியாகப் பிரிக்கப்படுகின்றன. துளைக்கருவி மட்டுமே உள்ள அணிகள் அளவிட்ட வரைபடங்களைத் தாளில் அச்சிட்டுக்கொள்கின்றன. சந்தையில் கிடைக்கும் மோட்டார், பற்சக்கரம், சக்கரம் முதலியவற்றை மாணவர்கள் புதிதாக வரைய வேண்டியதில்லை. விற்பனையாளர்கள் அவற்றின் மாதிரிகளை வெளியிடுகின்றனர். ஆன்ஷேப் பயன்படுத்துவோருக்கு எம்கே-கேட் என்ற பொதுப் பாகநூலகமும் உள்ளது.

பருவம் முடிந்தபின் பல அணிகள் தம் முழு மாதிரியையும் எவரும் திறந்து பார்க்கும்படி வெளியிடுகின்றன. கலிஃபோர்னியாவின் 254-ஆம் எண் அணியும் டெக்சாசின் 118-ஆம் எண் அணியும் இதில் பெயர்பெற்றவை. புதிதாகத் தொடங்கும் மாணவருக்கு இவற்றினும் சிறந்த பாடநூல் இல்லை: அத்தகைய மாதிரி ஒன்றைத் திறந்து, பாகங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டே சென்று, அடியில் உள்ள தலைமை வரைவை அடைந்து, அதன் ஒவ்வோர் அளவும் விளையாட்டின் எந்த விதியிலிருந்து வந்தது என்று கேட்டறிவதே கற்கத் தொடங்க வேண்டிய இடம்.