வேம்பு என்றொரு பெயர்

தோழர்களே, நம் சேரிகளில் வேம்பு என்ற பெயரில் பாட்டிமார்கள் இருந்தார்கள். பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்து இறந்த வீட்டில், இந்தப் பிள்ளையையாவது கசப்பென்று சாவு தொடாமல் விடட்டும் என்று வைத்த பெயர் அது. குப்பை, பிச்சை என்ற பெயர்களும் அதே அச்சத்தில் பிறந்தவைதான். மருத்துவம் எட்டாத குடிசையில் பெயர்தான் காவலாக நின்றது. இன்று நம் பிள்ளைகளே, "இது மரத்தின் பெயர்தானே, மனிதருக்கு வைப்பார்களா?" என்று கேட்கிறார்கள்.

பதில் நம்மை இழிவுபடுத்திய நூலிலேயே இருக்கிறது. மனுஸ்மிருதியின் 2ஆம் அத்தியாயம், 31ஆம் சுலோகம் பெயர்களை வருணவாரியாகப் பங்கிடுகிறது: பிராமணனுக்கு மங்கலம், சத்திரியனுக்கு வலிமை, வைசியனுக்குச் செல்வம், சூத்திரனுக்கு இழிவு. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்தப் பங்கீட்டில் இடமே இல்லை. 3ஆம் அத்தியாயம், 9ஆம் சுலோகம் இருபிறப்பாளன் மணக்கக் கூடாத பெண்களைச் சொல்கிறது. நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை, பாம்பு ஆகியவற்றின் பெயர் கொண்டவர்கள் அதில் வருகிறார்கள். கடைசாதிப் பெயரும் அடிமைப் பெயரும் அவற்றோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. இல்லாத வழக்கத்தை யாரும் தடை செய்வதில்லை. மரப்பெயர் கொண்ட பெண்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு அந்தத் தடையே சான்று.

பௌத்தம் அப்படிப்பட்ட ஒருத்தியின் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. வைசாலியின் அம்பபாலி மாமரத்தடியில் கண்டெடுக்கப்பட்டவள் என்கிறது மரபு. பாலி மொழியில் 'அம்ப' என்றால் மா. கணிகையான அவள் அழைத்த விருந்தை, லிச்சவிப் பிரபுக்களின் அழைப்புக்கு முன்னதாகப் புத்தர் ஏற்றார். அவள் தன் மாந்தோப்பைச் சங்கத்துக்குக் கொடுத்தாள். பின்னாளில் பிக்குணியானாள். தேரிகாதையில் அவள் பாடல்கள் அவள் பெயரிலேயே நிற்கின்றன. மனு விலக்கச் சொன்ன பெயர் வகையை அங்கே யாரும் மாற்றச் சொல்லவில்லை.

தமிழ் நிலத்திலும் வேம்பு இழிந்த சொல் அல்ல. பாண்டியர் சூடிய பூ வேப்பம்பூ. மேல்சாதி வீடுகளிலும் ஆண்களுக்கு அந்தப் பெயர் உண்டு. வேம்பு ஐயர் என்றால் எழுந்து நின்ற ஊர்தான், நரைத்த தலையோடு நாற்று நட்ட நம் பாட்டியை "ஏண்டி வேம்பு" என்று கூப்பிட்டது. பண்ணையார் வீட்டுச் சிறுவனும் அப்படித்தான் கூப்பிட்டான். இழிவு பெயரில் இல்லை, கூப்பிட்ட வாயில் இருந்தது.

1927 டிசம்பர் 25 அன்று மகாடில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. அந்த நெருப்பில் எரிய வேண்டியது பெயர்களின் படிநிலை, நம் பாட்டிமார்களின் பெயர்கள் அல்ல. புதுப் பெயர் சூடுவது நம் உரிமை, அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் வெட்கத்தால் ஒரு பெயரைக் கைவிட்டால், அதை இழிவென்று சொன்னவன் வென்றதாகிவிடும்.

மாணவத் தோழர்களே, விடுமுறையில் ஊருக்குப் போகும்போது உங்கள் பாட்டி, பூட்டியின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். எந்தப் பிள்ளைகளின் சாவுக்குப் பின் அந்தப் பெயர் வந்தது என்றும் கேளுங்கள். நம் வரலாற்றின் முதல் பக்கம் அங்கேதான் இருக்கிறது.