ஆயுதக் குறிகளும் காலக்கணிப்பும்: திண்டுக்கல் கோட்டை வரலாற்றை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழைய துப்பாக்கி, பீரங்கி ஆகியவற்றின் காலத்தை அறிய அவற்றின் மீதுள்ள குறிகள் முதன்மைச் சான்றாகின்றன. அக்குறிகள் ஆயுதம் செய்யப்பட்ட காலத்தையோ உடைமையையோ காட்டுவன. அது ஓர் ஊருக்கு வந்த காலத்தைக் காட்டுவன அல்ல. திண்டுக்கல்லின் ஆட்சி மாற்றங்களோடு பொருத்திப் பார்க்கும்போது இவ்வேறுபாடு எவ்வாறு தெளிவாகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: திண்டுக்கல் கோட்டை, மௌலூதி ஆண்டு, கும்பினி முத்திரை, பீரங்கி, காலக்கணிப்பு.

முன்னுரை

மதுரை நாயக்கர் காலத்தில் அரண் பெற்ற திண்டுக்கல் மலைக்கோட்டை, பின்னர் மைசூர் ஆட்சியின் கீழ் வந்தது. 1755இல் இங்குப் பௌஜ்தாராகப் பொறுப்பேற்ற ஹைதர் அலி, பிரெஞ்சுத் தொழில்வல்லாரின் துணையுடன் படைக்கலச் சாலை ஒன்றை அமைத்தார். ஆங்கிலேயக் கும்பினிப் படை இக்கோட்டையை 1767, 1783, 1790 ஆகிய ஆண்டுகளில் கைப்பற்றியது. முதலிரு முறையும் அது மீண்டும் மைசூர் வசமானது. மூன்றாம் முறை அவ்வாறு நிகழவில்லை. 1792 மார்ச்சு மாதத்தில் கையெழுத்தான சீரங்கப்பட்டண உடன்படிக்கை திண்டுக்கல் சீமையைக் கும்பினிக்கு உரியதாக்கியது. இவ்வாறு கைமாறிய கோட்டை வட்டாரத்தில், பழைய ஆயுதம் எதுவாயினும் அதனைத் 'திப்புவின் காலத்தது' என்றோ 'பாளையக்காரர் போர்க்காலத்தது' என்றோ கூறிவிடுவது எளிது. அக்கூற்றைச் சோதிக்கும் முதல் வழி குறிகளைப் படிப்பதாகும்.

மைசூர் ஆயுதங்களின் ஆண்டு

திப்பு சுல்தானின் படைக்கலங்களில் புலிவரிக் கோலமும், ஹைதரின் பெயரைத் தாங்கிய முத்திரையும், பட்டணம் (சீரங்கப்பட்டணம்), நகர் முதலிய செய்யிடப் பெயர்களும் காணப்படுகின்றன. ஆண்டைப் படிப்பதில் இரு இடர்கள் உள்ளன. முதலாவது, எண்களின் வரிசை. அரபு, பாரசீக வழக்கில் எழுத்துகள் வலமிருந்து இடமாகச் சென்றாலும் எண்கள் இடமிருந்து வலமாகவே எழுதப்படும். திப்புவோ எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். எனவே 1222 என்னும் ஆண்டு, பழகிய முறையில் படிப்போர்க்கு 2221 என்றே தோன்றும்.

இரண்டாவது, ஆண்டுமுறை. 1787ஐ ஒட்டித் திப்பு ஹிஜ்ரி ஆண்டைக் கைவிட்டு மௌலூதி ஆண்டைப் புகுத்தினார். அதனுடன் ஏறத்தாழ 571ஐக் கூட்டக் கிறித்தவ ஆண்டு கிடைக்கும். அவ்வகையில் மௌலூதி 1222 என்பது கி.பி. 1793-94 ஆகும். அதனையே ஹிஜ்ரி எனக் கொண்டால் கி.பி. 1807-08 எனவரும், திப்பு இறந்ததோ 1799இல். ஆண்டுமுறையை அறியாது கணித்தால் உண்மையான மைசூர்த் துப்பாக்கியும் போலியென ஒதுக்கப்படலாம்.

திண்டுக்கல்லைப் பொறுத்தவரை இவ்வாண்டு மற்றொரு செய்தியையும் தருகிறது. கோட்டை 1790 ஆகஸ்டில் இறுதியாகக் கும்பினி வசமானமையால், மௌலூதி 1220 அல்லது அதற்குப் பிந்தைய ஆண்டு பொறித்த ஆயுதம் எதுவும் மைசூர்க் காவற்படையினரால் இங்கு வைக்கப்பட்டிருக்க இயலாது. அது சீரங்கப்பட்டண வீழ்ச்சிக்குப்பின் கொள்ளைப் பொருளாகவோ பிற வழியிலோ வந்ததாகவே இருக்கவேண்டும். முத்திரை மெய்யானது, அதனைக் கொண்டு கூறப்படும் ஊர் வரலாறே பிழையாகிறது.

கும்பினி ஆயுதங்களின் குறிகள்

கும்பினித் துப்பாக்கிகளின் பூட்டுத்தகட்டில், நான்காகப் பகுக்கப்பட்ட இதய வடிவும் அதனுள் கும்பினியின் பெயரெழுத்துகளும் முதலில் பொறிக்கப்பட்டன. 1808ஆம் ஆண்டளவில் மகுடம் ஏந்தி நிற்கும் சிங்க உருவம் அவ்விடத்தைப் பெற்றது. விருப்பாச்சி கோபால நாயக்கர் 1801இல் திண்டுக்கல்லில் தூக்கிலிடப்பட்டார். ஆதலின் சிங்கக்குறி கொண்ட துப்பாக்கியை அவர் காலப் போரோடு இணைப்பதற்கு இடமில்லை. இதயக்குறியோ போர்க்காலத்தோடு முரண்படாது என்பதை மட்டுமே காட்டும். அப்போரில் பயன்பட்டதை மெய்ப்பிக்காது. மேலும் பூட்டு, குழல், மரக்கட்டை ஆகிய மூன்றும் தனித்தனியே மாற்றப்படக்கூடியவை. பூட்டின் மீதுள்ள ஆண்டு பூட்டுக்கே உரியது.

ஆங்கிலேயப் பீரங்கிகளில் இடைக்கோடுகளால் பிரிக்கப்பட்ட மூன்று எண்கள் இருப்பதுண்டு. அவற்றை நாள், மாதம், ஆண்டு என மயங்குதல் கூடும். அவை எடையைக் குறிப்பன: முதலெண் 112 பவுண்டு கொண்ட அந்தர், இரண்டாவது 28 பவுண்டு கொண்ட கால் அந்தர், மூன்றாவது எஞ்சிய பவுண்டு. சான்றாக 9-2-14 என்பது 1,078 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 489 கிலோ. பீரங்கியின் அளவோடு இவ்வெடையை ஒப்பிட்டால் ஐயம் நீங்கும்.

முடிவுரை

குறி காட்டும் காலத்திற்கு முன் அவ்வாயுதமோ, குறி பொறித்த அதன் உறுப்போ இருந்திருக்க இயலாது, இதுவே முன்னெல்லை. எவ்வளவு பிற்காலம் வரை அது வழங்கியது என்பதைக் குறி கூறாது. அதனைக் கண்டெடுத்த சூழல், ஆவணப் பதிவு, ஆட்சி மாற்றம் ஆகியவற்றைக் கொண்டே துணியவேண்டும். 1801 டிசம்பர் அறிக்கையால் தென்பாளையங்களில் ஆயுதம் தாங்குதல் தடைசெய்யப்பட்டது. எனவே அதற்குப் பிந்தைய குறிகளுடைய படைக்கலங்கள் வந்த வழியைத் தனியே விளக்குதல் இன்றியமையாதது. காட்சிக்கூடக் குறிப்புகளிலும் வட்டார வரலாற்று நூல்களிலும் செய்யப்பட்ட ஆண்டு, உடைமைக்குறி, ஊருக்கு வந்த வழி ஆகிய மூன்றையும் தனித்தனியே பதிவுசெய்தால், செவிவழிச் செய்தி சான்றாக மாறும் பிழை தவிர்க்கப்படும்.