கைக்கடிகார ரசனையும் டாம்பீகமும்

கைக்கடிகாரத்தைப் பொழுதறியும் கருவியாகக் கொள்வதோடு நில்லாமல் அபூர்வ வஸ்துவாகத் தேடிச் சேர்ப்பவர்கள், பிறர் மணிக்கட்டை ஒரு கணம் நோட்டமிட்டு, அவர் செல்வம் எவ்வளவு, ஞானம் எவ்வளவு, தம்மோடு சரியாசனம் பெறத்தக்கவர்தாமா என்று தீர்ப்பெழுதிவிடும் வழக்கம் அத்துறையில் நெடுங்காலமாக உண்டு. இந்த மனப்பாங்கையே இங்கு டாம்பீகம் என்கிறோம். ஆங்கிலத்தில் இத்தகையவரைச் சுட்டும் 'ஸ்நாப்' என்ற சொல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செருப்புத் தைக்கும் தொழிலாளியைக் குறித்தது. பின்னர் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் பல்கலைக்கழகத்தைச் சேராத ஊர்வாசிகளை அப்பெயரால் ஏளனம் செய்தனர். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1846-47இல் 'பஞ்ச்' இதழில் தொடர்ந்து எழுதி 1848இல் நூலாக்கிய பரிகாசக் கட்டுரைகளுக்குப் பிறகே, மேலோரை அண்ணாந்து நோக்கிக் கீழோரை இகழ்பவன் என்ற பொருள் அதற்கு நிலைத்தது. இகழப்பட்டவனின் பெயர் இகழ்பவனுக்குப் போய்ச் சேர்ந்த இந்த விநோதம், கைக்கடிகாரத்தின் சரித்திரத்திலும் திரும்பத் திரும்ப நேர்ந்திருக்கிறது. ஒரு தலைமுறை சீந்தாமல் ஒதுக்கியதையே அடுத்த தலைமுறை கோடி கொடுத்து வாங்கியிருக்கிறது; சீந்துவாரின்றிக் கிடந்ததால் அருகிப்போயிற்று, அருகிப்போனதால் அருமையாயிற்று.

முதலில் இகழ்ச்சிக்கு உள்ளானது கைக்கடிகாரம் என்ற பொருளேதான். நேப்பிள்ஸ் அரசி கரோலின் மூரா 1810இல் கடிகாரக் கலைஞர் பிரெகேயிடம் செய்யச் சொன்னதும், ஹங்கேரியச் சீமாட்டி ஒருவருக்காக 1868இல் படேக் ஃபிலிப் நிறுவனம் செய்ததும், காப்போடு பொருத்திய ஆபரணங்கள். கனவான்கள் சங்கிலி கோத்த கடிகாரத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்தனர். கையில் கட்டுவது பெண்டிர் காரியம் என்பது அவர்கள் முடிவு. போயர் யுத்தத்தில் தோல்வாரில் கடிகாரத்தைச் செருகிக் கையில் கட்டிக்கொண்ட சிப்பாய்களும், ஆகாய விமானத்தின் பிடியை விட்டுவிட்டுச் சட்டைப்பையைத் துழாவ முடியவில்லை என்று நண்பர் லூயி கார்த்தியேயிடம் முறையிட்டு 1904இல் தமக்கென ஒரு கைக்கடிகாரம் பெற்ற பிரேசில் நாட்டு விமானி ஆல்பர்ட்டோ சாண்டோஸ்-டூமோனும் அம்முடிவை அசைத்தனர். முதல் உலக யுத்தத்தின் பதுங்குகுழிகள் அதை அடியோடு மாற்றின. மணி பார்த்துப் பாய வேண்டியவனுக்குச் சங்கிலியும் சட்டைப்பையும் எதற்கு? யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவன் கையிலிருந்ததை யாரும் பெண்களின் வளையல் என்று நகைத்திருக்க முடியாது.

இயந்திரத்தைப் பற்றிய ஏற்றத்தாழ்வு இதற்கு வெகுகாலம் பிந்தியது. 1969 டிசம்பர் 25ஆம் தேதி ஜப்பானின் செய்கோ நிறுவனம் பாட்டரியில் ஓடும் 'அஸ்ட்ரான்' என்னும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை வெளியிட்டபோது அதன் விலை 4,50,000 யென்; அந்நாளில் அந்நாட்டில் ஒரு சிறு மோட்டார் கார் வாங்கப் போதிய தொகை. ஸ்விட்ஸர்லாந்தின் பெருநிறுவனங்களும் கூட்டாக முயன்று தங்கள் குவார்ட்ஸ் இயந்திரத்தை உருவாக்கின. படேக் ஃபிலிப்பும் ரோலக்ஸும் அதைப் பொருத்திய கடிகாரங்களைக் கூச்சமின்றி விற்றன. குவார்ட்ஸ் அன்று சீமான்களின் வஸ்து. பத்தாண்டுகளுக்குள் அதன் விலை சரிந்து பள்ளிச் சிறுவன் கையிலும் ஏறிய பின்னரே, அதில் ஜீவன் இல்லை, பாட்டரி இருக்கிறது என்ற தத்துவம் பிறந்தது. மெய்ப்பொருள் நோக்கினால், சாதாரணக் குவார்ட்ஸ் கடிகாரம் ஒரு மாதத்தில் ஏறக்குறைய 15 வினாடி பிசகும். ஸ்விட்ஸர்லாந்தின் பரீட்சையில் தேறி நற்சான்று பெற்ற இயந்திரக் கடிகாரத்துக்கோ நாளொன்றுக்கு 4 வினாடி பின்தங்கவும் 6 வினாடி முந்தவும் அனுமதி உண்டு. காலத்தைச் சரியாகக் காட்டுவதே உயர்வுக்கு அளவுகோலாயின் வாதம் அங்கேயே தீர்ந்துவிட்டிருக்கும். அளவுகோல் வேறாக இருந்தது. யார் யார் கையில் அது இருக்கிறது என்பதே கேள்வி. வெப்லன் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர், கையால் அடித்த வெள்ளிக் கரண்டியையும் இயந்திரத்தில் வார்த்த மலிவுக் கரண்டியையும் ஒப்பிட்டு, முன்னதன் அழகென்று நாம் மயங்குவதில் பெரும்பகுதி அதன் விலையே என்று 1899இலேயே எழுதிவிட்டார்.

குவார்ட்ஸின் தாக்குதலால் 1970இல் ஏறத்தாழ 90,000 பேருக்குச் சோறிட்ட ஸ்விஸ் கடிகாரத் தொழில், 1980களின் நடுவில் 30,000 சொச்சம் பேரிடம் வந்து நின்றது. அந்த இடிபாட்டிலிருந்துதான் இன்றைய சேகரிப்பாளரின் வேதம் எழுந்தது. ழான்-குளோத் பிவேர், ழாக் பிகே என்ற இருவர், உற்பத்தி நின்று வெறும் பெயராகக் கிடந்த பிளாங்பானை 1980களின் தொடக்கத்தில் சுமார் 22,000 ஃபிராங்குக்கு வாங்கினர். 1735 முதல் இப்பெயரில் குவார்ட்ஸ் கடிகாரம் வந்ததில்லை, இனி வரப்போவதுமில்லை என்பது அவர்கள் செய்த பிரகடனம். உயிரற்றுக் கிடந்த நிறுவனம் குவார்ட்ஸ் செய்யாததில் என்ன வியப்பு என்று யாரும் கேட்கவில்லை. குறையை விரதமாக மாற்றிக் காட்டிய அந்தச் சாமர்த்தியம் 1992இல் 60 மில்லியன் ஃபிராங்குக்கு விலைபோயிற்று. சாவி கொடுப்பது சிரமம் என்றிருந்த காலம் போய், சாவி கொடுப்பது ஓர் அனுஷ்டானம் என்ற காலம் வந்தது இவ்வாறுதான்.

உலோகங்களின் ஜாதி வரிசையும் இதே போல் கலைந்தது. தங்கமே மேல், எஃகு உழைப்பாளிக்கு என்றிருந்த நிலையில், ஜெரால்டு ஜெண்டா வரைந்து ஓடமார் பிகே 1972இல் வெளியிட்ட 'ராயல் ஓக்', எண்கோண வளையமும் அதன்மேல் ஒளிவுமறைவின்றித் தெரியும் எட்டுத் திருகாணிகளுமாய், எஃகிலேயே தங்கக் கடிகாரத்துக்கு மேலான விலை கேட்டது. சந்தை தயங்கியது. படேக் ஃபிலிப் 1976இல் தன் 'நாட்டிலஸ்' வகையை வெளியிட்டபோது, உலகின் மிக விலையுயர்ந்த கடிகாரங்களுள் ஒன்று எஃகால் ஆனதென்பதையே விளம்பரப் பொருளாக்கியது. ஆயினும் எஃகின் மெய்யான வெற்றியைக் காண 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே நிறுவனம் 1941 முதல் செய்த '1518' என்ற வகையில் மொத்தம் 281 கடிகாரங்கள் பிறந்தன, பெரும்பாலானவை தங்கம், எஃகில் தெரியவந்தவை நான்கே. அந்நாளில் அவ்வளவு பணம் கொடுக்க வல்லவர் எவரும் எஃகைக் கேட்கவில்லை என்பதே அதற்குக் காரணமாயிருக்க வேண்டும். அந்த நான்கில் ஒன்று ஜெனீவா ஏலத்தில் 1.1 கோடி ஃபிராங்குக்குப் போயிற்று.

அதே '1518' இன்னொரு சித்தாந்தத்தையும் சங்கடத்துக்கு உள்ளாக்குகிறது. இயந்திரத்தைத் தன் பட்டறையிலேயே பிறப்பிக்கும் நிறுவனமே குலீனம், பிறரிடம் வாங்கிப் பொருத்துபவன் வெறும் தையற்காரன் என்பது இக்காலச் சேகரிப்பாளர் வாய்ப்பாடு. ஆனால் '1518'இன் உள்ளே இருப்பது வால்ஷூ என்ற தனித் தொழிற்சாலையின் கச்சா இயந்திரத்தை வாங்கி, மெருகேற்றி, நாட்காட்டிப் பகுதியைச் சேர்த்துச் செய்தது. ரோலக்ஸின் 'டேடோனா' முதலில் வால்ஷூ இயந்திரத்திலும், 1988 முதல் 2000 வரை ஸெனித் நிறுவனத்தின் இயந்திரத்தை அடிப்படையாகக் கொண்ட ஒன்றிலும் ஓடிற்று. கச்சா இயந்திரம் செய்பவர் ஒருவர், முகப்பு செய்பவர் ஒருவர், கூடு செய்பவர் ஒருவர், கூட்டிச் சேர்ப்பவர் ஒருவர் என்று பள்ளத்தாக்குகளில் பிரிந்து வாழ்ந்த தொழில் அது. சொந்தப் பட்டறைப் பெருமை பெரும்பாலும் அண்மைக் கால விளம்பரத்தின் குழந்தை என்பது என் அபிப்பிராயம்.

டேடோனாவின் கதையைச் சற்று நின்று பார்க்கலாம். 1960களில் அதற்குச் செய்த முகப்புகளுள் ஒரு வகை, உள்ளிருக்கும் மூன்று சிறு வட்டங்களிலும் குறிக்கோடுகளின் நுனியில் குட்டிக் குட்டிச் சதுரங்கள் தாங்கி, எண்களும் அலங்கார வடிவில் வளைந்து, ஓரத்தில் வேறு நிறப் பட்டையோடு, கொஞ்சம் கேளிக்கைக் கொட்டகை விளம்பரம்போல் இருந்தது. வாங்குவாரில்லை, கடைக்காரர்கள் அலமாரியில் வைத்துக்கொண்டு விழித்தனர். மோட்டார்ப் பந்தயத்தில் மோகம் கொண்ட நடிகர் பால் நியூமனுக்கு, மனைவி ஜோன் வுட்வர்டு அதில் ஒன்றை வாங்கி, பின்மூடியில் ஜாக்கிரதையாக ஓட்டும்படி ஒரு வரி பொறித்துக் கொடுத்தார். அவர் அதை அன்றாடம் கட்டினார்; புகைப்படங்களில் அது தெரிந்தது; 1980களில் இத்தாலியச் சேகரிப்பாளர்கள் அம்முகப்பையே அவர் பெயரால் அழைத்துத் தேடத் தொடங்கினர். அவருடைய அதே கடிகாரம் 2017 அக்டோபர் 26ஆம் தேதி நியூயார்க் ஏலத்தில் ஒரு கோடியே 77 லட்சம் டாலருக்கும் மேல் போயிற்று. விகாரம் என்று ஒதுக்கப்பட்ட சதுரங்களை இன்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணுகிறார்கள், போலி எது, மெய் எது என்று அறிய.

பழுதைப் போற்றும் மரபும் இதிலிருந்து வளர்ந்ததே. கறுப்பு முகப்பு வெயில்பட்டுப் பழுப்பேறினால் ஒரு காலத்தில் அது தோஷம். நிறுவனமே முகப்பை மாற்றித் தந்தது. இன்று அப்பழுப்புக்கு வெப்பமண்டலப் பெயர் சூட்டி, கருமை கெடாததைவிடப் பன்மடங்கு விலை வைக்கிறார்கள். கூட்டின் விளிம்பு மழுங்காமலிருக்க வேண்டும், கீறல் இருந்தாலும் மெருகு போடலாகாது, ரேடியம் வைத்த முட்கள் மஞ்சளித்திருந்தால் அப்படியே விட வேண்டும் என்பன விதிகள். நம் நாட்டுப் பட்டறைகளில் விதி நேர்மாறு. வாசலோரக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு அமர்ந்திருக்கும் வாட்ச் ரிப்பேர்க்காரர், மாமனார் வீட்டில் போட்ட கடிகாரத்தை முப்பது வருஷம் கழித்து ஒருவர் கொண்டுவந்தால், இயந்திரத்தைப் பெட்ரோலில் கழுவி எண்ணெயிட்டு, கூட்டைப் பளபளவென்று தேய்த்து, மங்கிய முகப்புக்குப் புது வர்ணமும் பூசித்தந்தால்தான் வேலை முடிந்ததாக எண்ணுவார். வாடிக்கையாளரும் அதைத்தான் கேட்பார். 19ஆம் நூற்றாண்டு முதலே ஸ்விஸ் கடிகாரங்கள் வந்திறங்கிய பம்பாயில் இவ்வாறு பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கலந்து, முகப்பை மறுவர்ணமிட்டு விற்பது ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தது. மேனாட்டுச் சேகரிப்பாளர்கள் அந்நகரின் பெயரையே வசையாக்கி அவற்றை ஒதுக்குகிறார்கள். வாங்குபவரை ஏமாற்றும்போது அந்த வசை நியாயமே. ஆனால் கெட்டுப்போன பொருளை மறுபடி ஓடவைத்து ஏழைக்கு எட்டும் விலையில் தந்த கைகளையும் அதே சொல்லால் அடிப்பது ரசனையாகாது.

இந்த நூற்றாண்டில் டாம்பீகம் இன்னொரு வேஷமும் பூண்டது. பெட்டி நிறைய விலையுயர்ந்தவை இருக்க, 1989 முதல் மாறாமல் வரும் காசியோ எஃப்-91டபிள்யூ என்ற மலிவுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு சபைக்கு வந்து, எளிமையைக் காட்டுவதும் ஒரு கலையாயிற்று. 2022 மார்ச் 26ஆம் தேதி ஸ்வாட்ச் நிறுவனம், சந்திரனுக்குப் போன ஒமேகாவின் சாயலில் 260 டாலருக்கு ஒன்றை விற்பனைக்கு விட்டபோது பல நகரங்களில் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் கடைகளை மூடினர்; மூலக் கடிகாரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்த சிலர், தங்கள் அந்தஸ்து குறைந்ததாக வருந்தினர். அவர்கள் கடிகாரம் அன்றும் முன்போலவே ஓடிக்கொண்டிருந்தது.

இந்தியாவில் 1961இல் ஜப்பானின் சிட்டிஸன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய அரசுத் தொழிற்சாலை எச்.எம்.டி. அதன் 'ஜனதா', பெயருக்கேற்பச் சாமானியர் கடிகாரம்: 17 கல், தேதி கிடையாது, தினம் காலையில் சாவி கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வருகிறவரிடம் 'ஃபாரின் வாட்ச்' கேட்டு ஏங்கிய தலைமுறை அதைக் குமாஸ்தா கடிகாரமென்று நினைத்தது. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் 1984இல் கூடித் தொடங்கி ஓசூரில் செய்த டைட்டனின் மெல்லிய குவார்ட்ஸ் கடிகாரங்கள் வந்தபின் அது மேஜை இழுப்பறைக்குப் போயிற்று. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு தீர்மானித்ததும், அந்த 'ஜனதா' கிடைக்குமா என்று தேடுவோர் பெருகினர். வீட்டு இழுப்பறையில் ஒன்று கிடந்து, அதை ஓடவைக்கக் கொடுப்பவர்கள், முகப்பைத் தொட வேண்டாம் என்று ரிப்பேர்க்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.