புள்ளியின் அளவும் லூடியின் தரமும்: கட்ச் ரபாரிக் கம்பளி முக்காட்டை முன்வைத்து ஒரு மறுப்பு

முடிச்சிட்டுச் சாயமேற்றிய பாந்தனித் துணியை மதிப்பிடுவோர் முதலில் பார்ப்பது புள்ளியைத்தான். அது எவ்வளவு சிறிதோ, எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு உயர்வு என்பது வணிகர் வழக்கு. கட்டும் பெண்களுக்குக் கூலியும் முடிச்சுக் கணக்கில்தான். ஜாம்நகர்ப் பட்டுக்கும், சரிகைக் கட்டங்கள் கொண்ட கர்ச்சோளா மணப்புடவைக்கும் இந்த அளவுகோல் பொருந்தும். கட்ச் பகுதியின் ரபாரி மேய்ப்பர் பெண்கள் தலையில் போர்த்தும் ‘லூடி’ என்னும் கம்பளி முக்காட்டை இதே கோலால் அளந்து, நாட்டுப்புறச் சரக்கு என்று கீழே வைப்பது தவறு.

முதலில் பொருளின் இயல்பு. மெல்லிய பட்டை நான்காக மடித்து, அடுக்குகளைச் சேர்த்தே கட்டலாம். செங்காவிக் குறியின் மேல் துணியை நகத்தால் நிமிண்டி எழுப்பி, நூலை இறுக்கிச் சுற்றினால் கடுகளவுப் புள்ளிகூட நிற்கும். கையால் நூற்ற நாட்டுக் கம்பளியோ தடித்தது. முடிச்சுக்குள் அடங்கும் துணி கூடுதல். புள்ளியும் பெரிதாகவே வரும். சாயத் தொட்டியிலும் கவனம் வேறு: சூட்டில் போட்டு அலசினால் கம்பளி இழைகள் ஒன்றோடொன்று சிக்கிச் சுருங்கிக் கெட்டிப்படும். வெளிர்நிறம் முதலில், கறுப்பு கடைசியில் என்ற வரிசை மட்டும் எல்லாத் துணிக்கும் பொது. செயற்கைச் சாயங்கள் பரவுமுன் கம்பளிக்கு அரக்குச் சிவப்பைப் பயன்படுத்தினர்; விலங்கு இழையில் அது நன்றாகப் பற்றும். ஆகவே பெரிய புள்ளியைக் கைத்திறக் குறையாகக் கொள்ள இடமில்லை.

இதைவிட வலுவான காரணம், லூடி எவர் கண்ணுக்காகச் செய்யப்பட்டது என்பது. ரபாரிகள் தம் ஆட்டு மயிரை நூற்றுத் தந்தனர். மேக்வால் சமூகத்து வண்கர்கள் அதைக் குழித்தறியில் குறுகிய பட்டைகளாக நெய்து, இரண்டை நடுவே இணைத்தனர். கட்டிச் சாயமேற்றும் பணி கத்ரிகளிடம் சென்றது. இவ்வாறு மூன்று சமூகங்களின் கைபட்டு வந்த துணி, அணிபவள் ரபாரிப் பிரிவுகளான டேபரியா, வாகடியா, காச்சி ஆகியவற்றுள் எதைச் சேர்ந்தவள், மணமானவளா என்பதை நிறத்தாலும் புள்ளியமைப்பாலும் தெரிவித்தது. கடுகுப் புள்ளியைக் கையிலெடுத்துத்தான் ரசிக்க முடியும். கறுப்புப் பரப்பில் பெரிய சிவப்புப் புள்ளியோ வெட்டவெளியில் எதிரே வருபவருக்கும் தெரியும். பெரிய புள்ளியே இங்கு பயனுடையது என்பது என் ஊகம். மேய்ச்சல் வாழ்வோடு அது முரண்படவில்லை. (கறுப்பு உடைக்கு இறந்த மன்னர் ஒருவருக்கான துக்கமே காரணம் என்ற கதையைப் பயண நூல்கள் விடுவதில்லை. அதைச் சான்றாக ஏற்க எனக்குத் தயக்கம்.)

வடிவங்கள் கத்ரிகளின் சொத்தல்லவா என்று கேட்கலாம். கைநுட்பம் அவர்களுடையது, ஐயமில்லை. ஆனால் எதை அணியலாம், எதை விடலாம் என்று தீர்மானித்தது அணிந்த சமூகம். 1995இல் டேபரியா ரபாரிகளின் சமூகப் பெரியோர் தம் பெண்கள் கைப்பூவேலை செய்வதையே தடைசெய்தனர். சீர்வரிசைக்கான பூவேலை பெருகிப் பெருகித் திருமணங்களைத் தள்ளிப்போட்டது அதற்குக் காரணங்களுள் ஒன்று. செழித்திருந்த ஒரு கலை சந்தையால் அல்ல, சமூகத்தின் தீர்ப்பால் நின்றது. லூடியைப் பற்றிய தீர்ப்பு அல்ல இது என்றாலும், உடையின் மீது அதிகாரம் எங்கிருந்தது என்பதைக் காட்டப் போதும்.

இந்த அதிகாரம் சட்டப் பதிவில் தெரிவதில்லை. 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் விளையும் இடத்தையும் உற்பத்தியாளரையும் பதிவு செய்கிறது. அணிபவருக்கு அதில் இடமில்லை. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் குறியீடு கிடைத்தபோது இது பெரிய குறையாகத் தோன்றியிருக்காது. அது பலரும் வாங்கி உடுத்தும் சேலை. லூடி போன்ற ஒன்றில் பாதிச் செய்தி பதிவேட்டுக்கு வெளியே நின்றுவிடும்.

என் வாதத்துக்குச் சங்கடமான விளைவொன்று உண்டு. ஆலையில் நெய்து, புள்ளிகளை அச்சிட்ட செயற்கை இழை முக்காட்டை ஒரு ரபாரிப் பெண் போர்த்தி, அதைத் தன் பிரிவினர் அடையாளமாக ஏற்றால், முடிச்சே இல்லாத அந்தத் துணியையும் லூடி என்றே நான் பதிய வேண்டும். கத்ரிக்கும் வண்கருக்கும் அதனால் ஒரு காசும் கிடைக்காது. பட்டியலிடுவோர் முடிச்சையும் அணிபவளையும் தனித்தனிப் பத்தியில் குறிப்பதைத் தவிர இப்போதைக்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.