உள்ளே வெடிக்கலாம், வெளியே வரக்கூடாது

ரிஃபைனரியிலோ பெயின்ட் ஃபேக்டரியிலோ வேலை பார்த்தவர்களுக்கு எஃப்.எல்.பி. மோட்டார் பழகின பெயர். ஃபிளேம்ப்ரூஃப் என்பதன் சுருக்கம். கேஸ் உள்ளே போகாதபடி இறுக்கி மூடின மோட்டார்னுதான் பெயரைக் கேட்டால் தோணும். விஷயம் நேரெதிர். கேஸ் உள்ளே போகும், வெடிக்கவும் செய்யும் என்று ஒப்புக்கொண்டுதான் அதை வடிவமைக்கிறார்கள்.

ஏன் அப்படி? மோட்டார் ஓடும்போது சூடாகி, உள்ளே இருக்கும் காற்று விரிந்து கொஞ்சம் வெளியேறும். நிறுத்தினால் ஆறி, வெளிக்காற்றை இழுக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் அதோடு மீத்தேனும் வரும். காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும். பிரஷ் வைத்த பழைய மோட்டார்களில் பொறிக்குப் பஞ்சமே இல்லை.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ஷென் சோதனை நிலையத்தில் கார்ல் பெய்லிங் என்பவர் இதை நேரடியாகவே சோதித்தார். மோட்டாருக்கு உள்ளேயும் வெளியேயும் கேஸ் கலவையை நிரப்பி, உள்ளே மட்டும் கொளுத்தினார். முடிவுகள் 1906ல் வெளிவந்தன. வலுவான கூடு, அகலமான ஃபிளாஞ்ச், நடுவே மெல்லிய இடைவெளி. இவ்வளவு இருந்தால் வெளியேறும் வாயுவின் சூட்டை இரும்பு உறிஞ்சிவிடும், தீ தாண்டாது. ஹம்ப்ரி டேவி 1815ல் சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பிவலை கட்டினாரே, அதே தத்துவம்தான்.

அமெரிக்காவில் 1907 டிசம்பரில் மொனோங்கா சுரங்க வெடிப்பில் 360 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்தடுத்த விபத்துகளுக்குப் பிறகு 1910ல் சுரங்கத் துறை உருவானது. சுரங்க மோட்டார்களைச் சோதித்து அனுமதி கொடுக்கும் விதிகள் 1911ல் வந்தன.

சாஃப்ட்வேர்ல எரர் வரவே வராதுன்னு நாங்க எழுதறதில்லை, வந்தா எங்கே பிடிக்கணும்னுதான் எழுதறோம். இங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு இடைவெளி. மீத்தேன் தீ சுமார் 1.1 மி.மீ. வரை தாண்டாது. ஹைட்ரஜனுக்கோ சுமார் 0.3 மி.மீ.தான். அனுமதிக்கும் அளவு அதைவிடவும் குறைவு. அதனால் மீத்தேனுக்கு வாங்கின சான்றிதழ் ஹைட்ரஜனுக்குச் செல்லாது. இந்தியாவில் தன்பாத்தின் சிம்ஃபர் ஆய்வகத்தில் இந்தச் சோதனைகள் நடக்கின்றன. சுரங்கத்துக்கு டிஜிஎம்எஸ், எண்ணெய், கேஸ் ஆலைகளுக்கு பெசோ அனுமதி தர வேண்டும்.

இதில் பயமுறுத்துவது பிறகு நடப்பதுதான். ரீவைண்டிங் செய்ய மோட்டாரைத் திறக்கிறார்கள். ஸ்க்ரூடிரைவரால் நெம்பும்போது ஃபிளாஞ்சில் ஒரு கீறல். திரும்பப் பூட்டும்போது ஒரு போல்ட் குறைகிறது. மோட்டார் வழக்கம்போல ஓடும், கரன்ட்டும் அதே அளவுதான் எடுக்கும். சான்றிதழ் தகடும் அப்படியே ஒட்டியிருக்கும். ஆனால் அந்தத் தகடு சொல்லும் மோட்டார் இப்போது அங்கே இல்லை. என்றாவது கேஸ் கசியும் நாளில்தான் அது தெரியவரும்.