தாழ்ப்பாள் சிக்கிய நாளும் திண்டுக்கல் பூட்டின் கதையும்

போன மாதம் நம் குடியிருப்பில் ஒரு வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டது பலருக்கும் தெரியும். உள்ளே தாழ் போட்டவர் திரும்பத் திறக்க முடியவில்லை. முக்கால் மணி நேரம் ஆயிற்று. கதவை உடைக்கலாம் என்று ஒரு தம்பி கடப்பாரையோடு தயாராக நின்றார். பாட்டி கதவுக்கு ஒட்டி உள்ளே நிற்கிறார், உடைத்தால் கதவு அவர் மேல்தான் விழும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வாட்ச்மேன் போய் அழைத்து வந்தவர் நாகல்நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்த ஒரு பெரியவர். வந்ததும் பூட்டை அவர் பார்க்கவில்லை, கதவின் மேல் மூலையைப் பார்த்தார். "பூட்டுல கோளாறு இல்ல சார், கதவு இறங்கியிருக்கு" என்றார். அகலமான உளி ஒன்றைக் கதவுக்கு அடியில் கொடுத்து லேசாக நெம்பிக்கொண்டே, "ஆத்தா, இப்பத் திருப்புங்க" என்று குரல் கொடுத்தார். ‘டக்’ என்ற சத்தம். கதவு திறந்துவிட்டது.

அன்றிலிருந்து பூட்டு பற்றியே நினைப்பு. பூட்டுக்குப் பேர் போன ஊரில் இருந்துகொண்டு அதன் கதையை நாமே சரியாகத் தெரிந்து வைத்திருக்கவில்லை என்று பட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

பூட்டு, தாழ், திறவுகோல் எல்லாம் நம் சொற்கள். வள்ளுவர் அன்புடைமையைச் சொல்ல வரும்போதே தாழ் வந்துவிடுகிறது. ‘சாவி’ மட்டும் போர்த்துக்கீசியரோடு வந்து ஒட்டிக்கொண்டது. ஜன்னலும் அலமாரியும் அப்படித்தான். திறக்காத கதவு என்றால் பெரியபுராணத்தின் திருமறைக்காடும் நினைவுக்கு வரும். வேதாரண்யத்தில் அடைத்துக் கிடந்த கோயில் கதவைத் திறக்க அப்பர் பதிகமே பாட வேண்டியிருந்தது. மூடுவதற்குச் சம்பந்தருக்கு ஒரு பாட்டு போதுமாக இருந்தது. மூடுவது சுலபம், திறப்பதுதான் பாடு என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலைத் தொடங்கியவர்கள் சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் என்றும், அது சுமார் 150 ஆண்டுகளுக்கு முன்பு என்றும் சொல்வார்கள். வானம் பார்த்த பூமியில் விவசாயத்தை மட்டும் நம்ப முடியாமல் கைத்தொழிலுக்குத் திரும்பினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். நாகல்நகர், நல்லாம்பட்டி என்று ஊரைச் சுற்றிலும் அரத்தின் சத்தம் கேட்ட காலம் அது. மாங்காய் வடிவத்தில் இருக்கும் மாங்காய்ப் பூட்டுதான் இதில் பேர் பெற்றது. சாவியைத் திருப்பினால் மணி அடிக்கும் பூட்டும் செய்தார்கள். கோயில், சிறை, கிட்டங்கி என்று பெரிய கதவுகளுக்கெல்லாம் இங்கிருந்து பூட்டு போனது.

இந்தப் பூட்டின் உயிர் அதன் லீவரில் இருக்கிறது. உள்ளே மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். ஒவ்வொன்றின் மேலும் ஒரு வில் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லாத் தகடுகளின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் தாழ்க்கட்டை நகரும். ஒரு தகடு கொஞ்சம் குறைவாக உயர்ந்தாலும், கூடுதலாக உயர்ந்தாலும் நகராது. லீவர் கூடக்கூடக் கள்ளச் சாவிக்கு வேலை கடினம். இந்த யோசனையை 1778-இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் கொண்டு வந்தார். 1817-இல் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில் திருட்டு நடக்க, உடைக்க முடியாத பூட்டுக்கு அரசு பரிசு அறிவித்தது. மறு ஆண்டு ஜெரமையா சப் ஒரு பூட்டைச் செய்து 100 பவுண்டு பெற்றார். யாராவது வேறு சாவியைப் போட்டு நோண்டியிருந்தால் அது அடுத்த முறை உடையவனுக்குக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனாலும் 1851 லண்டன் பொருட்காட்சியின்போது ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் அதை 25 நிமிடத்தில் திறந்து காட்டினார். பிரமா கம்பெனியார் தங்கள் பூட்டைத் திறப்பவருக்கு 200 கினி தருவதாகச் சவால் விட்டிருந்தார்கள். அதையும் அவர் திறந்தார். பல நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் பிடித்ததாம். பரிசும் வாங்கிவிட்டார்.

நம் ஊர்ப் பட்டறையில் இதே லீவரை அரத்தால் ராவி, கையால் பொருத்தினார்கள். அந்தப் பூட்டுக்கு அந்தச் சாவி என்று தனித்தனியாக ராவியது. அச்சில் அடித்த சாவி கிடையாது. பெருமையும் இதில்தான், பிரச்சினையும் இதில்தான். நான் படித்தது பி.காம்., அதனால் கணக்கு போட்டுப் பார்க்கும் பழக்கம் போகவில்லை. உத்தரப் பிரதேசத்தின் அலிகாரில் எந்திரம் தகட்டை வெட்டித் தள்ளுகிறது. பம்பாயில் அர்தேஷிர் கோத்ரெஜ் 1897-இலேயே பூட்டுத் தொழில் தொடங்கிவிட்டார். கையால் ஒரு பூட்டு முடிகிற நேரத்தில் எந்திரத்தில் எத்தனை முடியும்? கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்போது நாம் எதை எடுக்கிறோம்? விலைச் சீட்டைப் பார்த்துத்தான். நானும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன்.

1957-இல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அரசு அலுவலகங்களின் ஆர்டர் அதற்குக் கொஞ்சம் மூச்சு கொடுத்தது. அந்தச் சங்கம் விண்ணப்பித்து, 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் அதே சமயம்தான். அதே மாதத்தில் நம் மாவட்டத்துப் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. சந்தோஷமான செய்திதான். ஆனால் குறியீடு பெயரைத்தான் காக்கும். அரத்தைப் பிடிக்க ஆளைக் கொண்டுவராது. நம் பெரியவருக்கு இரண்டு பையன்கள். இருவரும் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. "கூலி கட்டாது சார், நானே வேண்டாம்னுட்டேன்" என்றார். பீஸுக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலியில் குடும்பம் நடத்தியவர் சொல்லும்போது நாம் என்ன மறுத்துப் பேச முடியும்?

வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம், மற்றொன்று தலைமைக் காசாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். காலை பத்து மணிக்கு ஒருவர் வர ஐந்து நிமிடம் தாமதமானால் கவுன்ட்டர் முழுக்க நின்றுபோகும். அத்தனை வருடம் அந்தப் பூட்டை நம்பி உத்தியோகம் பார்த்தவன், அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

சரி, பாட்டி வீட்டுக் கதவுக்கு வருவோம். கதவு திறந்த பிறகு பெரியவர் செய்த வேலையையும் எழுதிவிடுகிறேன். பலருக்கும் உதவும். மேல் கீலின் திருகாணி மரத்தில் பிடிப்பு இல்லாமல் சுற்றியது. கழற்றி, ஓட்டைக்குள் மூங்கில் சிம்பைப் பசை தடவி அடித்து இறுக்கி, காய்ந்த பிறகு திருகாணியைத் திரும்ப முறுக்கினார். கதவு பழைய உயரத்துக்கு ஏறிவிட்டது. தாழ் இப்போது நிலையில் இருக்கும் துளைக்கு நேராகப் போகிறது. இத்தனை நாள் துளையின் அடி விளிம்பில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. விளிம்பு தேய்ந்து பளபளத்ததை எங்களுக்குக் காட்டினார். தாழ்ப்பாளைப் பிரித்தால் உள்ளே கறுத்த பிசின். இறுகும்போதெல்லாம் வீட்டில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். அது நாளடைவில் தூசியைப் பிடித்துக் கெட்டியாகிவிடும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பென்சில் கரியைத் தூளாக்கித் தூவி மாட்டினார். மொத்தம் ஒரு மணி நேரம். கூலி கேட்கவே கூச்சப்பட்டார்.

அடுத்த பொதுக்குழுவில் எல்லா வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாளையும் மாற்றிவிடலாம் என்று ஒரு யோசனை வர இருக்கிறது. வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பித் திறக்கும் வகை நல்லதுதான், வயதானவர்கள் உள்ள வீட்டுக்கு அவசியமும்கூட. ஆனால் இறங்கிய கதவில் எந்தத் தாழ்ப்பாளை மாட்டினாலும் உரசத்தான் செய்யும். ஐப்பசி மழையில் மரம் உப்புவதற்குள் முதலில் கீல்களைப் பார்த்துவிடுவோம் என்பது என் கருத்து. பெரியவரின் கைப்பேசி எண்ணை அலுவலகப் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பார்க்க வருகிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்.

பாட்டி இப்போது தாழே போடுவதில்லை. கதவின் மேல் துண்டு தொங்கினால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தமாம்.